குளிர்கால உறக்கத்தின் நடுவே வௌவால்கள் ஏன் விழிக்கின்றன?

குளிர்கால உறக்கம் என்றதும் இலையுதிர் காலத்தில் கண்ணை மூடி வசந்தத்தில் கண் திறக்கிற ஒரே நீண்ட தூக்கம்தான் நம் மனதில் வருகிறது. பள்ளிப் புத்தகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. ஆனால் உடல் சில்லிட்டுப்போகும் அளவுக்கு ஒடுங்கும் பாலூட்டிகளில் பெரும்பாலானவை குளிர்காலம் முழுக்க அப்படியே கிடப்பதில்லை. சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை தாமாகவே உடலைச் சூடாக்கிக்கொண்டு எழுகின்றன. சில மணி நேரம் விழித்திருந்துவிட்டு மறுபடி ஒடுங்கிவிடுகின்றன. வெளியே பனி, சாப்பிட ஒரு பூச்சிகூடக் கிடையாது. பிறகு எதற்காக எழ வேண்டும்? அறுபது வருடமாக ஆய்வாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. ஒரு பூஞ்சை வட அமெரிக்க வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்ற பிறகு, அவற்றின் உயிரே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது என்று தெரிந்தது.

முதலில் இந்த விழிப்புக்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய புதிர் என்பது புரியும்.

வட அமெரிக்காவின் சின்னப் பழுப்பு வௌவாலை எடுத்துக்கொள்வோம். பூச்சி தின்னும் சிறிய வௌவால் இது. இலையுதிர் காலத்தில் நன்றாகக் கொழுத்த நிலையிலும் எடை 10 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அதில் இரண்டு கிராம் அளவுக்குக் கொழுப்பு. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஆறு மாதம்வரை நீளும் குளிர்காலத்தை அந்தக் கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது தாண்டியாக வேண்டும். அதனால் குகைக்குள்ளோ கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள்ளோ போய்த் தலைகீழாகத் தொங்கி, உடல் வெப்பத்தைக் குகையின் வெப்பத்துக்கே இறக்கிவிடுகிறது. வழக்கமாக 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் உடல் 2 முதல் 8 டிகிரிவரை குளிர்ந்துவிடும். நிமிடத்துக்குப் பல நூறு முறை துடிக்கும் இதயம் பத்து இருபது துடிப்புக்கு வந்துவிடும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே பல நிமிடங்கள் ஓடும். உடல் செலவழிக்கும் ஆற்றல் சாதாரண அளவில் நூறில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிடும்.

இந்த ஒடுக்க நிலையிலிருந்து சராசரியாக இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது எழுகிறது. எழுவது சாதாரண வேலை இல்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்ற தனி வகைத் திசு இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ ஆற்றலை எரித்து நேரடியாக வெப்பமாக்கும். அதன் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்களில் ஒரு சிறப்புப் புரதம் இருப்பதால், செல்கள் தங்கள் வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஏடிபி மூலக்கூறாக வழக்கமாக மாற வேண்டிய ஆற்றல் அப்படியே சூடாக வெளிவந்துவிடுகிறது. அந்தச் சூடு முதலில் இதயத்துக்கும் மூளைக்கும் போகிறது. உடல் ஓரளவு சூடேறியதும் தசைகள் நடுங்கத் தொடங்கி மீதி வேலையைப் பார்க்கின்றன. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடல் முப்பது டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். நகத்தளவு கொழுப்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு அடுப்பை மூட்டுவது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கான விலை கடுமையானது. கனடாவின் டொனால்ட் தாமஸும் சக ஆய்வாளர்களும் 1990-இல் இந்த வௌவால்களின் குளிர்கால ஆற்றல் கணக்கை வெளியிட்டார்கள். குளிர்காலம் முழுக்கக் கரையும் கொழுப்பில் முக்கால் பங்கு இந்த விழிப்புகளுக்கே போகிறது என்பது அவர்கள் கண்டது. விழித்திருக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினால் மொத்தக் குளிர்காலத்தில் அது ஒரு துளி. ஒரே ஒரு முறை எழுவதற்குச் செலவாகும் கொழுப்பை வைத்து, எழாமல் இன்னும் ஒன்றிரண்டு மாதம் தொங்கிக்கொண்டு இருந்துவிடலாம்.

இவ்வளவு விலை கொடுத்து ஒரு விலங்கு ஒரு காரியத்தைச் செய்கிறது, அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்துக்குப் பிறகும் விடாமல் செய்கிறது என்றால், அந்தக் காரியம் இல்லாமல் அதனால் உயிர்வாழ முடியாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரியம் என்பதில்தான் சண்டை.

எளிதில் தோன்றும் பதில் தண்ணீர். கொழுப்பை எரிக்கும்போது உடலுக்குள்ளேயே கொஞ்சம் நீர் உருவாகிறது. ஆனால் வௌவாலின் சிறகு மயிரில்லாத மெல்லிய தோல், உடலளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய பரப்பு. அது வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உடல் உலர்ந்து ஓர் எல்லையைத் தொட்டதும் வௌவால் எழுந்து தண்ணீர் தேடுகிறது என்ற கருத்தையும் தாமஸ் குழுவே வளர்த்தெடுத்தது. இதற்குச் சான்றுகள் உண்டு. எழுந்த வௌவால்கள் குகையில் தண்ணீர் குடிப்பதையும், மயிரில் படிந்த நீர்த்துளிகளை நக்குவதையும் பார்த்திருக்கிறார்கள். அவை உறங்கத் தேர்ந்தெடுக்கும் இடங்களும் பெரும்பாலும் ஈரப்பதம் மிக அதிகமுள்ள குகைகள்தான். காற்று உலர்ந்திருந்தால் ஒடுக்கத்தின் நீளம் குறைகிறது என்று சோதனைக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் தண்ணீர்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. வளைக்குள் உறங்கும் தரையணில்களும் இதேபோல இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எழுகின்றன. எழுந்து அவை எதையும் குடிப்பதில்லை, வளையை விட்டு வெளியே வருவதும் இல்லை. அலாஸ்காவின் ஆர்க்டிக் தரையணிலைப் பாருங்கள். அது ஒடுங்கும்போது உடலின் உள்வெப்பம் உறைநிலைக்கும் கீழே போகிறது. மைனஸ் 2.9 டிகிரிவரை இறங்கியும் இரத்தம் உறையாமல் இருந்ததை 1989-இல் பிரையன் பார்ன்ஸ் பதிவு செய்தார். அந்த நிலையிலிருந்து 36, 37 டிகிரிக்கு ஏறி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் சூடாக இருந்துவிட்டு மறுபடி உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. ஏழெட்டு மாதக் குளிர்காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அத்தனை பாடுபட்டு எழுந்து அது செய்வது என்ன தெரியுமா? பெரும்பாலான நேரம் சுருண்டு படுத்துத் தூங்குகிறது.

1991-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைச் சொன்னபோது பலருக்கும் அதிர்ச்சி. அவற்றில் ஒன்று, நெதர்லாந்தைச் சேர்ந்த செர்ஜ் டானும் மேலே சொன்ன பார்ன்ஸும் இருந்த குழு. குளிர்கால ஒடுக்கமும் தூக்கமும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். உடல் சில டிகிரிக்கு இறங்கிய பிறகு மூளையின் மின்னலைகள் ஏறக்குறைய தட்டையாகிவிடுகின்றன. தூக்கம் என்ற வேலையைச் செய்யக்கூட அந்த மூளைக்குச் சூடு போதவில்லை. அதனால் ஒடுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் விலங்குக்குத் தூக்கக் கடன் ஏறுகிறது. கடன் ஓர் அளவைத் தாண்டியதும் உடலைச் சூடாக்கி, தூங்கித் தீர்க்கிறது. சூடேறிய முதல் சில மணி நேரத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெதுவான அலைகள் மிக வலுவாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறைந்ததை அவர்கள் காட்டினார்கள். பல நாள் தூங்காத ஒருவர் கடைசியில் தூங்கும்போதும் இதே வடிவம்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கருதுகோள் இது. ஆனால் முழுதாகத் தேறவில்லை. பின்னர் ஆய்வாளர்கள், எழுந்த அணில்களை முதல் சில மணி நேரம் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே கடன் இருந்திருந்தால், பிறகு தூங்கவிட்டதும் அந்த வலுவான அலைகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூங்காமலேயே அவை அடங்கிவிட்டன. ஆக, மூளையில் ஏதோ ஒன்று சரியாகிறது, ஆனால் அதற்குத் தூக்கத்தைவிடச் சூடுதான் முக்கியம் போலிருக்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதற்கு நரம்புச் செல்களில் ஒரு துப்பு இருக்கிறது. ஒடுங்கிய தரையணிலின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில், நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கிப்போயிருக்கும், செல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைந்திருக்கும். எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவை மறுபடி வளர்ந்துவிடுகின்றன. இதை 1992-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் டௌ புரதத்தின் ஒரு மாற்றம்கூட ஒடுங்கிய அணிலின் மூளையில் தோன்றி, எழுந்ததும் மறைந்துவிடுகிறது. அல்சைமர் ஆய்வாளர்கள் இந்த அணில்களை உற்றுக் கவனிப்பதற்குக் காரணம் இதுதான். இருந்தாலும், குளிர்கால உறக்கம் நினைவை அழிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பியத் தரையணில்கள் கற்றதில் சிலவற்றைக் குளிர்காலத்துக்குப் பின் மறந்துவிட்டன. ஐரோப்பாவின் பெரிய எலிக்காது வௌவால்களோ கற்றதை மறக்கவே இல்லை.

அடுத்து நோய் எதிர்ப்பு. குளிர்ந்த உடலில் இரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன. அவை சாகவில்லை, நிணநீர் உறுப்புகள் போன்ற இடங்களில் ஒதுங்கி நிற்கின்றன. உடல் சூடேறியதும் இரத்தத்துக்குத் திரும்பிவிடுகின்றன. இங்கே பிரையன் பிரெண்டர்காஸ்ட் குழு 2002-இல் செய்த சோதனை மிகத் தெளிவானது. ஒடுங்கிக் கிடந்த தரையணில்களின் உடலில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் செலுத்தினார்கள். விழித்திருக்கும் விலங்குக்கு இதைச் செலுத்தினால் காய்ச்சல் வந்துவிடும். ஒடுங்கிய அணில்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அப்படியே கிடந்தன. நாட்கள் கழித்து, வழக்கமான முறைப்படி எழுந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. அந்த விழிப்பும் வழக்கத்தைவிட நீண்டது. உடலுக்குள் எதிரி வந்துவிட்டான் என்பதை அறியக்கூட அந்த உடல் எழுந்தாக வேண்டியிருந்தது. நோய் எதிர்ப்புக்கு அவ்வப்போது ஒரு ரோந்து தேவை, விழிப்பு அந்த ரோந்துக்கான நேரம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இவை போக, புரத உற்பத்தியும் குளிரில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தேய்ந்த புரதங்களை நீக்கிப் புதியவற்றைச் செய்யும் வேலை சூடான மணி நேரங்களுக்காகக் காத்திருக்கிறது. கழிவு நீக்கம் இன்னொன்று. எழுந்தவுடன் பல விலங்குகள் முதலில் சிறுநீர் கழிக்கின்றன. இனச்சேர்க்கையும் உண்டு. சின்னப் பழுப்பு வௌவாலின் ஆண்கள் குளிர்காலத்திலும் எழுந்து, ஒடுங்கிக் கிடக்கும் பெண்களோடு இணைவதைப் பார்த்திருக்கிறார்கள். பெண் அந்த விந்தை உடலிலேயே வைத்திருந்து வசந்தத்தில்தான் கருத்தரிக்கும். இங்கிலாந்தின் பெரிய குதிரைலாட வௌவால்கள் அந்தி நேரத்தை ஒட்டி எழுகின்றன. இதமான இரவாக இருந்தால் வெளியே போய்ப் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டும் வருகின்றன. ஆனால் கனடாவின் நடுக்குளிரில் இதற்கு வழியில்லை.

இத்தனை காரணங்களில் எது உண்மையானது? இந்தக் கேள்வியைக் கேட்ட விதமே நம்மைத் திசைதிருப்பிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பனியே இல்லாத மடகாஸ்கருக்குப் போக வேண்டும்.

அங்கே கொழுத்த வால் குள்ள லெமூர் என்ற சிறிய விலங்கு உண்டு. மனிதர்களைப் போலவே ப்ரைமேட் வரிசையைச் சேர்ந்தது. வாலில் சேர்த்துவைத்த கொழுப்போடு வறண்ட பருவத்தில் ஏழு மாதம் மரப்பொந்தில் ஒடுங்கிவிடும். கேத்ரின் டவுஸ்மன் குழு 2004-இல் இதைப் பற்றி வெளியிட்ட ஆய்வுதான் இந்த விவாதத்தையே மாற்றியது. சுவர் மெல்லிய பொந்துகளில் பகலில் வெயில் ஏற ஏற லெமூரின் உடல் வெப்பமும் தானாக ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. நாள்தோறும் உடல் 30 டிகிரியைத் தாண்டிய லெமூர்கள், குளிர் நாட்டு விலங்குகளைப் போல எழுவதே இல்லை. ஆனால் அதே இனம், அதே காட்டில், தடித்த சுவருள்ள பொந்தில் உறங்கினால் உடல் குளிர்ந்தே இருக்கும். அப்போது அவை ஒழுங்காக இடைவெளி விட்டு எழுந்துவிடுகின்றன.

கரடியும் இதையே சொல்கிறது. அலாஸ்காவின் கருங்கரடிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குளிர்காலத்தில் அவற்றின் ஆற்றல் செலவு கால் பங்காகக் குறைந்தாலும் உடல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. கரடிகள் இடையிடையே தரையணில்போல முழுச் சூட்டுக்கு ஏறி இறங்குவதும் இல்லை.

ஆக, விலங்குக்குத் தேவைப்படுவது விழிப்பு அல்ல, சூடு. வெயில் இலவசமாகச் சூடு தந்தால் எழ வேண்டாம். பெரிய உடம்பு சூட்டை இழக்காமல் வைத்துக்கொண்டாலும் எழ வேண்டாம். சில டிகிரிக்கு இறங்கிவிட்ட 10 கிராம் உடம்புக்குத்தான் வேறு வழியில்லை, தன் கொழுப்பை எரித்துச் சூட்டை வாங்கியாக வேண்டும். தூக்கம், நோய் எதிர்ப்பு, புரதம், தண்ணீர், கழிவு ஆகியவற்றில் எது முதலில் பொறுக்க முடியாத நிலைக்கு வருகிறதோ அது எழுப்பிவிடலாம். எழுந்த பிறகு மற்றவையும் சேர்ந்தே நடந்துவிடும். இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அந்த முதல் தேவை மாறலாம். ஒரே பதிலைத் தேடியதால்தான் ஒவ்வொரு கருதுகோளும் ஏதாவதொரு விலங்கிடம் தோற்றுப்போனது.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஒடுக்கம் முழு லாபம் என்றால் எல்லா விலங்கும் முடிந்தவரை குளிர்ந்து, முடிந்தவரை நீளமாக ஒடுங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. வளையில் விதைகளைச் சேமிக்கும் சிப்மங்க் அணில்களுக்குக் கூடுதலாக உணவு கொடுத்தபோது அவை ஒடுக்கத்தைக் குறைத்துக்கொண்டன. அதிகக் கொழுப்புள்ள வௌவால்களும் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தையே தேர்ந்தெடுக்கின்றன. வசதியுள்ள விலங்கு குளிரைத் தவிர்க்கிறது. குளிர்ந்து கிடப்பதால் உடலுக்கு ஒரு கேடு இருக்கிறது, வழியில்லாதபோதுதான் அதைச் சகித்துக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இந்த நுட்பமான கணக்கில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் மிகக் கொடூரமான முறையில் பார்த்தது.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஹோவ்ஸ் குகையில் எடுத்த ஒரு படத்தில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பகுதிக் குகைகளில் வௌவால்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. நடுக்குளிரில், பட்டப்பகலில், பனிக்கு மேலே வௌவால்கள் பறந்தன. வெள்ளை மூக்கு நோய் என்று பெயர் வந்தது. காரணம் ஒரு பூஞ்சை, சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இது முன்பிருந்தே உண்டு, அங்குள்ள வௌவால்கள் இதோடு வாழப் பழகியவை. வட அமெரிக்காவுக்குப் புதிது.

இந்தப் பூஞ்சை குளிரில் வளர்வது. 20 டிகிரிக்கு மேல் வளராது. விழித்திருக்கும் வௌவாலின் சூடான உடலில் இதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒடுங்கிய வௌவாலின் உடல் இதற்கு ஏற்ற குளிரில் இருக்கிறது, அதன் நோய் எதிர்ப்பும் அப்போது அடங்கிக் கிடக்கிறது. பூஞ்சை சிறகுத் தோலுக்குள் ஊடுருவி அரிக்கிறது. தண்ணீரையும் உப்புகளையும் சமநிலையில் வைத்திருக்கும் பெரிய பரப்பு அந்தச் சிறகுதான் என்பதால், அது கெடும்போது இரத்தத்தின் அமிலத்தன்மையும் பொட்டாசியமும் மாறுகின்றன. தொற்றிய வௌவால்கள், விழிப்புகள் கூடுவதற்கு முன்பே, மற்றவற்றைவிட இரு மடங்கு ஆற்றலைச் செலவழித்ததை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம் விழிப்புகள் கூடுகின்றன. சோதனைக்கூடத்தில் பூஞ்சை ஏற்றிய வௌவால்கள் கடைசிக் கட்டத்தில் மூன்று நான்கு மடங்கு அடிக்கடி எழுந்தன.

முக்கால் பங்கு கொழுப்பும் விழிப்புகளுக்கே போகிற ஓர் உயிரிடம் விழிப்புகளை மூன்று மடங்காக்கினால் என்ன மிஞ்சும்? வசந்தம் வருவதற்கு வாரக்கணக்கில் இருக்கும்போதே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. பகலில் பனிமேல் பறந்த அந்த வௌவால்கள், இல்லாத பூச்சியையும் தண்ணீரையும் தேடிப் போனவையாக இருக்க வேண்டும். சின்னப் பழுப்பு வௌவால், வடக்கு நீள்காது வௌவால், மூவண்ண வௌவால் ஆகிய மூன்று இனங்களும் பத்தாண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துவிட்டன என்று 2021-இல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. சின்னப் பழுப்பு வௌவால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். இழந்ததை மீட்க எத்தனை தலைமுறை ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சில இடங்களில் கூட்டங்கள் சிறிதாக நிலைத்து நிற்கின்றன. அப்படித் தாக்குப்பிடித்த சில சின்னப் பழுப்பு வௌவால் கூட்டங்களை, நோய் வந்த புதிதில் எடுத்த அளவுகளோடு 2019-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இப்போதுள்ளவை குளிர்காலத் தொடக்கத்திலேயே கூடுதல் கொழுப்போடு இருந்தன. கூடுதல் கொழுப்பு என்றால் கூடுதல் விழிப்புகளைத் தாங்க முடியும் என்று அர்த்தம். இலையுதிர் காலத்தில் குகைகளுக்கு அருகே பூச்சிகள் நிறையக் கிடைக்கும் நிலத்தைக் காப்பதற்கு இப்போது புதிய மதிப்பு வந்திருப்பது அதனால்தான்.

மனிதர்கள் செய்யக்கூடிய இன்னொன்று, குகைக்குள் போகாமல் இருப்பது. தொட வேண்டியதுகூட இல்லை. ஆட்கள் குகைக்குள் வந்துபோன சில மணி நேரத்தில் வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து பறப்பதை, முன்னே சொன்ன அதே தாமஸ் 1995-இல் கருவி வைத்துப் பதிவு செய்தார். உள்ளே போன மனிதருக்கு இது தெரியவே தெரியாது. அவர் இருந்தபோது எல்லாம் அசையாமல்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அதனால் பல குகைகளுக்கும் பழைய சுரங்கங்களுக்கும், வௌவால் நுழையவும் மனிதர் நுழைய முடியாதபடியும் கிடைக்கம்பிகள் வைத்த கதவுகள் போட்டிருக்கிறார்கள். வௌவால்களை எண்ணப் போகும் ஆய்வாளர்களும் பல இடங்களில் ஒரு குளிர்காலம் விட்டு ஒரு குளிர்காலம்தான் உள்ளே போகிறார்கள்.